எஸ்தரின் பையில் விழுந்த கொழுந்து

1

இந்த ஊரில் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால், முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே பெற்றவர்களின் போனுக்குச் செய்தி வந்துவிடும். காரணம் சொல்லுங்கள் என்று கேட்கும். நான் முதலில் காய்ச்சல் என்று போட்டேன். பிறகு வயிற்றுவலி. பிறகு பல். பல் நல்ல காரணம். ஆறுவதற்கு நாளாகும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பல்லும் தீர்ந்தபிறகு, இல்லாத ஒரு பெரியப்பாவை ஊரில் சாகடித்தேன். அனுதாபம் தெரிவித்துப் பள்ளியிலிருந்து ஒரு அட்டை வந்தது. அதை வாங்கி அலமாரியின் அடியில் வைத்தேன்.

நான் இருப்பது அயர்லாந்தில், மழை விடாத ஒரு சிறிய ஊர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கஞ்சிக்கோட்டில் இரும்பாலை, மஸ்கட்டில் கட்டட வேலை என்று அலைந்து, கடைசியில் மனைவி ஜெசியின் நர்ஸ் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். அவள் பீருமேட்டுத் தோட்டத்துப் பெண். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் அறையில் வேலை செய்கிறேன். ஈரமும் சூடும் கலந்த அறை. எனக்குப் பழகிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள், ரெபேக்கா. பதினைந்து வயது. நாங்கள் தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் ஆங்கிலத்தில் வரும். அது பல வருடமாக நடப்பதுதான், அதற்கு வருத்தப்பட்டு முடித்துவிட்டோம். பாத்திரம் தேய்க்கும்போது பாடிக்கொண்டிருந்த பெண். போன வருடக் கடைசியில் பாட்டு நின்றது. பிறகு நண்பர்கள் வருவது நின்றது. வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் இருக்க ஆரம்பித்தாள். புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று இங்கே எல்லா அறையிலும் கூரையில் இருக்கும். அதில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டும். அவள் நாற்காலி போட்டு ஏறி அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தாள்.

"அது பார்க்குது" என்றாள் ஆங்கிலத்தில்.

"யாரு பாக்குறா?"

என்னை ஏதும் அறியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இதெல்லாம் அந்த வயசுக் கிறுக்கு, பரீட்சை பயம் என்று நானும் ஜெசியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். என்னை உண்மையில் நடுங்க வைத்தது வேறு ஒன்று. அவள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்தினாள். பிரிக்காத பொட்டலம், தானே திறந்த பால், அதைவிட்டால் வாழைப்பழமும் அவித்த முட்டையும். முட்டையை ஓட்டோடு கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இல்லை என்று தெரிந்தபிறகே உரிப்பாள்.

இப்படி முட்டையைப் பார்க்கிற இன்னொருத்தியை எனக்குத் தெரியும். அவள் என் தங்கச்சி எஸ்தர். ரெபேக்கா அவளைப் பார்த்ததே இல்லை. நாங்கள் ஊருக்குப் போன ஒரே தடவையும், பிள்ளை பயந்துவிடும் என்று எஸ்தரை ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படியென்றால் இது பார்த்துக் கற்றுக்கொண்டது இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

2

தோட்டத்தில் வீடு நம்முடையது அல்ல, வேலையுடையது. அப்பா பேரில் வேலை இருக்கும் வரை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரு வீடு. அவர் ஓய்வு பெறும்போது பிள்ளைகளில் ஒருவர் அந்தப் பேரை எடுக்க வேண்டும். நான் எடுத்திருக்க வேண்டும். நான் அதற்கு முன்பே கஞ்சிக்கோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். எஸ்தர் எடுத்தாள். படிப்பு எனக்கு வராததுபோல அவளுக்கு வராமல் இல்லை, பத்தாவது வரை நன்றாகத்தான் படித்தாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தபோது, அவளைப் பார்க்க நேரே மலைக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் நடுவில் நின்றாள். கையில் கத்திரி இருந்தது, அது அசையவில்லை. தலையைச் சாய்த்துச் செடிக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பம் மதினி அவளைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் தன் பையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி எஸ்தரின் பையில் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. கை துடைப்பதுபோல இருந்தது. அடுத்து வந்தவளும் போட்டாள். அதற்கடுத்தவளும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எஸ்தர் ஒரு இலைகூட வெட்டாமல், அவள் பை நிறைந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, கஞ்சிக்கோட்டு இரும்புல உன்னையும் சேத்து உருக்கிட்டானுவளா? கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்கு" என்றாள் மதினி.

"அவளுக்கு என்ன மதினி?"

"யாருக்கு?"

"எஸ்தருக்கு."

"அவளுக்கு என்ன, ராசாத்தி மாதிரி நிக்கா. ஏ எஸ்தரு, ஒன் அண்ணன் வந்திருக்கான் பாரு. கேக்கு வாங்கியாந்தியான்னு கேளு, வெறுங்கையோட வந்திருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். "மெதுவா பேசச் சொல்லுண்ணே, அவங்களுக்குக் கேட்டுரும்" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காதே என்று மதினியின் கண் சொன்னது.

சாயங்காலம் எடை போடும் இடத்தில் அதிகாரி ஒருவர் நின்றிருந்தார். சூப்பர்வைசர் எங்கள் லயத்துக்காரர்தான். எஸ்தரின் பை தராசில் ஏறியதும், அதிகாரிக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்: "எஸ்தரு, பரவாயில்லையே, இன்னைக்கும் புஷ்பத்துக்குச் சரிக்குச் சரி நிக்கியே!" மதினி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எஸ்தருக்கு அன்றைக்கு முழுப் பேர் விழுந்தது. முழுப் பேர் என்றால் முழுநாள் வேலை செய்ததாகக் கணக்கு.

லீவு முடிந்து திரும்பினேன். இப்படிப்பட்ட மனிதர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கஞ்சிக்கோட்டில் என்னோடு அறையில் இருந்த எல்லாரிடமும் சொன்னேன். அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டில் ஒரு பாரம் இருந்தது. கூடுதலாக எடுக்கிற கொழுந்துதான் அவர்களுடைய மீன், பிள்ளைகளின் செருப்பு. அதில் அள்ளித்தான் போட்டார்கள். இன்றைக்கும் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அது ஒரு மாதம் நடக்கவில்லை, வருடக்கணக்காக நடந்தது.

3

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காட்டினால் எழுதுவார்கள். எழுதினால் "அன்ஃபிட்", வேலைக்கு லாயக்கில்லை. அன்ஃபிட் என்றால் பேர் போகும், பேர் போனால் வீடு போகும். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அதனால் எஸ்தருக்கு என்ன என்று யார் கேட்டாலும் சொல்வதற்கு லயம் முழுக்க ஒரே பதில் வைத்திருந்தது. உபவாச ஜெபத்தில் இருக்கிறாள், அதனால் பேச மாட்டாள். எங்கள் கோயில் உபதேசியாரும் அதை மறுக்கவில்லை. சாயங்காலம் வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போவார். அவருக்கும் தெரியும்.

ஒரு தடவை அம்மா துணிந்தாள். தோட்டத்துக்குத் தெரியாமல் கீழே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனாள். மனநோய்க்கு டாக்டர் மாதத்தில் ஒரு நாள் வருவார், அதுவும் தொலைவிலிருந்து வர வேண்டும். அந்த நாளில் வரவில்லை. சீட்டு கொடுக்கும் சன்னலில் இருந்த பெண் மலையாளத்தில் இரக்கமாகத்தான் சொன்னாளாம்: "டாக்டர் இன்னு லீவாணு சேச்சி. அடுத்த மாசம் வந்நால் மதி." அடுத்த மாதம் வந்தால் போதுமாம். போனார்கள். டாக்டர் இருந்தார், அறை நிறையக் கூட்டம், ஒரு ஊசி போடுகிற நேரத்துக்குள் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். மாத்திரை சன்னலில் "ஸ்டாக் இல்லா" என்றார்கள். இரண்டு நாள் கூலியை விட்டு, இரண்டு தடவை மலை இறங்கியதற்கு அம்மா கொண்டுவந்தது ஒரு சீட்டு. மூன்றாம் தடவை அவள் போகவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எஸ்தர் காணாமல் போனாள். யானை நடக்கிற பாதையில், செருப்பில்லாமல், ஓடைப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தவளை லயத்து ஆண்கள் தேடிப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். இனி மறைக்க முடியாது என்று ஆனபிறகு, புஷ்பம் மதினியும் அம்மாவும் அவளைத் தேனிப் பக்கம் ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். நான் அப்போது மஸ்கட்டில் இருந்தேன், நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும்.

டாக்டர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப்போட்டு எஸ்தருக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "எவ்வளவு நாளா இப்படி இருக்காங்க?"

அம்மா பதில் சொல்லுமுன் மதினி முந்திக்கொண்டாள். "ஒரு ரெண்டு மாசமா சார்."

"அதுக்கு முன்னால?"

"நல்லா இருந்தா சார். மலையில எங்களுக்குச் சமமா கொழுந்து எடுப்பா. தோட்டத்துல வேணா கேட்டுப் பாருங்க, ஒரு நாள் பேர் கொறைஞ்சதில்ல."

அங்கே அதிகாரி இல்லை, தோட்டம் இல்லை, ஆனாலும் வாய் பழகிய வழியே போனது. அம்மாவும் தலையாட்டினாள். டாக்டர் அதை நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? ஒரு நாள் பேர் குறையாத பெண். இது இப்போது ஆரம்பித்தது, சீக்கிரம் தெளிந்துவிடும் என்று நினைத்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார். சில மாதத்தில் எஸ்தர் தெளிந்ததுபோலத் தெரிந்தது, மருந்து குறைந்தது, நின்றது. அதற்குப் பிறகு வந்தது முன்னைவிட மோசமாக வந்தது. அப்போதுதான் உண்மையான கணக்கைச் சொன்னார்கள். டாக்டர் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தாராம். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம். அவ்வளவுதான். மதினி வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடும் நிற்கவில்லை. அன்ஃபிட் எழுதினார்கள், வீட்டைக் காலி செய்தார்கள். அப்பா அந்த வருடமே இறந்துபோனார். அம்மாவும் எஸ்தரும் மூணாறில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். மாத்திரை சர்க்கார் சன்னலில் வந்தால் வாங்குவாள் அம்மா, வராவிட்டால் நான் அனுப்புகிறேன். எஸ்தர் இப்போது அமைதியாக இருக்கிறாள். அதற்குமேல் சொல்ல என்னிடம் இல்லை.

யார் தப்பு என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். நாடு நாடாகப் போனபோதும் அது கூடவே வந்தது. கம்பெனி கொழுந்தை எண்ணியது, எடுத்த கையை எண்ணவில்லை. சர்க்கார் ஒரு மலை முழுக்கவும் மாதத்தில் ஒரு டாக்டரை அனுப்பியது, அவரும் வந்தால் வந்தார். கோயில் ஜெபித்தது. நான் பணம் அனுப்பினேன். ஒவ்வொருவரும் ஒரு பிடி போட்டோம். பை நிறைந்தது. நிறைந்ததாலேயே, அதற்குள் ஒரு பெண் மூழ்கிக்கொண்டிருக்கிறாள் என்று யாரும் உரக்கச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. சொந்த இடத்தில் ஒரு டாக்டரும், காட்டினால் வீடு போகாது என்ற உறுதியும் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல ஆசையா என்ன?

4

அவள் முட்டையைத் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட வாரம் ஜெசியிடம் சொன்னேன்: "டாக்டர்ட்ட காட்டிரலாம்."

அவள் கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"என்னான்னு சொல்லுவீங்க?"

"உள்ளதச் சொல்லுவோம்."

"உள்ளது என்னா? பிள்ளைக்கு மெண்டல்னு சொல்லுவீங்களா?"

ஊரில் அந்த வார்த்தையைத் திட்டுவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். இங்கே அதே வார்த்தை ஆஸ்பத்திரிக் கதவில் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஜெசி தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகிறாள்.

"எங்க வார்டுல நான் பாத்திருக்கேன். ஒருக்கா எழுதிட்டா எங்க போனாலும் அது கூடவே வரும். நம்ம குடியுரிமைப் பேப்பர் உள்ள கெடக்கு. இந்த நேரத்துல எழுதணுமா? சோசியல் வொர்க்கர் வீட்டுக்கு வருவா. அம்மா நைட் டூட்டி, அப்பா முதியோர் இல்லத்துல வேலை, பிள்ளைய யாரு பாக்குறான்னு கேப்பா. எடுத்துட்டுப் போயிட்டா?"

"அப்படி எடுக்க மாட்டாங்க."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. இங்கே எனக்குத் தெரியாதது நிறைய. வருகிற கடிதங்களையே இரண்டு தடவை படிப்பவன் நான். பயம் அங்கேதான் புகுந்தது. அங்கே வீடு போகும் என்ற பயம், இங்கே நாடு போகும், பிள்ளை போகும் என்ற பயம்.

அதனால் நாங்கள் என்ன செய்தோம் என்று கேளுங்கள். பள்ளிக்கு நான் காரணம் எழுதினேன். கணினியில் ஏற்ற வேண்டிய வீட்டுப்பாடத்தை, டூட்டி முடித்து வந்த களைப்போடு ஜெசி செய்து ஏற்றினாள். ரெபேக்காவின் பெயரில் நல்ல மதிப்பெண் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் கேரளத்து ஆட்கள் "மோள் எவிடே?", மகள் எங்கே, என்று கேட்டால், படிப்பு அதிகம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஆசிரியர் கூப்பிட்டபோது, "வீட்டிலிருந்தே நன்றாகப் படிக்கிறாள், பாடமெல்லாம் வந்துவிடுகிறதே" என்றேன். "ஆமாம், வந்துவிடுகிறது" என்றார் அவர் நிம்மதியாக.

அந்த நிம்மதி எனக்குப் புதிதல்ல. இதே நிம்மதியைத் தராசுக்குப் பக்கத்தில் அதிகாரியின் முகத்தில் பார்த்திருக்கிறேன். நாங்கள் இரண்டே பேர் ஒரு லயம் முழுக்கச் செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

அன்று மத்தியானம் வேலையிடத்தின் பின்வாசலில் நின்று புஷ்பம் மதினிக்குப் போன் போட்டேன். அவள் ஓய்வு பெற்று மகனோடு இருக்கிறாள்.

"யாரு, அயர்லாந்து தொரையா? என்ன, வழி தவறி நம்பரு போட்டியோ?"

"மதினி, ஒண்ணு கேக்கணும். எஸ்தருக்கு மொத மொதல்ல என்ன தெரிஞ்சுச்சு? யாரு பாத்தா?"

மதினி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு கோபமாக வந்தது. "இப்ப எதுக்கு அதக் கெளறுற? நாங்க கொழுந்து போட்டது தப்புங்கியா? வேற என்ன செய்யச் சொல்லுத? டாக்டரு எங்க வீட்டுப் பரண்லயா இருந்தான்? நீ எங்க இருந்த அப்ப?"

"ஒங்கள ஒண்ணும் சொல்லல மதினி."

"சொல்லு, சொன்னாத்தான் என்ன. நானே தெனமும் சொல்லிக்கிடுதேன்." மூச்சு வாங்கினாள். குரல் தணிந்தது. "நான்தான் மொதல்ல பாத்தேன். சோத்துப் பாத்திரத்தக் கொண்டாந்து செடிக்கு அடியில கொட்டுனா. ஏட்டி, ஏன் கொட்டுதன்னேன். அதுல கலந்திருக்குன்னா. நான் சிரிச்சேன், தம்பி. ஒங்க அம்மா சமையலுக்கு அது தேவைதான்னு சிரிச்சேன்."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"ஏன் கேக்குத? வீட்ல யாருக்கும்...?"

"இல்ல மதினி. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரி" என்றாள் மதினி. "இல்லன்னே வச்சுக்கிடுவோம்."

போனை வைத்தபிறகும் அந்தக் குரல் காதில் இருந்தது. அவள் நம்பவில்லை. நம்பாமலே ஒத்துக்கொண்டாள், எஸ்தருக்காக அத்தனை வருடம் செய்ததைப்போல. உள்ளே போய் மேற்பார்வைக்காரியிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். காரணம் கேட்டாள். என் மகளுக்கு மனசு சரியில்லை, டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். இந்த நாட்டில் நான் அதை முதலில் சொன்னது ஒரு போலந்துக்காரப் பெண்ணிடம், ஈரப் படுக்கைவிரிப்பு மூட்டைகளுக்கு நடுவில். அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "போ" என்றாள்.

5

ரெபேக்காவை வீட்டுக்கு வெளியே கொண்டுவரவே பாதி நாள் ஆனது. ஜெசியும் வந்தாள். வர மாட்டாள் என்று நினைத்தேன், சீருடை மாற்றாமல் வந்து காரில் உட்கார்ந்தாள்.

குடும்ப மருத்துவர் நடுவயதுப் பெண். ரெபேக்காவிடம் சில கேள்விகள் கேட்டார், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லவில்லை. எங்களைப் பார்த்து, எவ்வளவு நாளாக என்று கேட்டார்.

"இரண்டு வாரமாக" என்றாள் ஜெசி. உடனே வந்தது, நல்ல ஆங்கிலத்தில், நர்ஸ் குரலில்.

தேனிக்கு நான் போகவில்லை, ஆனால் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

"இல்லை" என்றேன். என் ஆங்கிலம் இப்படிப்பட்ட வேலைக்கு உதவாது, ஆனாலும் சொன்னேன். "கிறிஸ்துமஸுக்கு முன்பே ஆரம்பித்தது. பள்ளிக்கு நான் பொய் சொன்னேன். வீட்டுப்பாடம் அவள் எழுதியதல்ல. என் தங்கைக்கு இதே வியாதி. அவளும் முட்டை மட்டும்தான் சாப்பிட்டாள்."

ஜெசி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நிறுத்தச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அவள் மருத்துவரைப் பார்த்து, "நவம்பரிலேயே நான் கவனித்தேன்" என்றாள். "எனக்குத் தெரிந்தது. இது என்ன என்று படித்திருக்கிறேன்."

ரெபேக்கா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மருத்துவர் எல்லாவற்றையும் எழுதினார். எழுதுகிற ஒவ்வொரு வரியும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவசரம் என்று குறித்துப் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். ஆள் போதவில்லை, காலியான இடங்களை நிரப்பவில்லை, வரிசை நீளம், அவசரம் என்று போட்டாலும் வாரங்கள் ஆகலாம் என்றார். மோசமானால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு நேரே கொண்டுபோகச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டது என்னை இன்னும் பயமுறுத்தியது. பணம் இருக்கிற நாடு, தெருவுக்கு ஒரு மருந்துக்கடை, நாய்க்குக்கூட டாக்டர். மனசு கெட்டால் இங்கேயும் கடைசி பெஞ்சுதான்.

நாங்கள் பயந்ததில் ஒன்று நடந்தது. சோசியல் வொர்க்கர் ஒருத்தி வந்தாள். தேநீர் குடித்தாள், எங்கள் வேலை நேரத்தைக் கேட்டாள், பிள்ளை தனியாக இல்லாதபடி எங்கள் டூட்டியை மாற்றித் தரச் சொல்லி இரண்டு இடத்துக்கும் எழுதிக் கொடுத்தாள். போய்விட்டாள். பிள்ளையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. குடியுரிமைப் பேப்பர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கிறவர்களுக்கு நான் பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

6

காத்திருந்த வாரங்களை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. கத்திகளையும் மாத்திரைகளையும் ஜெசி ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நாங்கள் முறை வைத்து வீட்டில் இருந்தோம். ரெபேக்காவின் அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டாலும் படியில் ஓடுவேன்.

ஒரு மத்தியானம் ரெபேக்கா தானாகக் கீழே வந்தாள். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றாள்.

"அந்த அத்தை. உயிரோடு இருக்காங்களா?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள், அத்தை என்பதை மட்டும் தமிழில்.

"இருக்கா. மூணாறுல இருக்கா."

"அவங்க சாப்பாட்டுல யாராவது எதையாவது கலந்தாங்களா?"

அடுப்பை அணைத்தேன். உண்மை எனக்குத் தெரியும். தேனி டாக்டர் இரண்டாம் தடவை கொடுத்த மாத்திரையை எஸ்தர் துப்பினாள். அம்மா அதைப் பொடித்து டீயில் போட ஆரம்பித்தாள். யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவளுக்கு, அவளைப் பெற்றவளே கடைசியில் கலந்தாள். வேறு வழி தெரியவில்லை அம்மாவுக்கு. இதை இந்தப் பிள்ளையிடம் சொன்னால் இருக்கிற முட்டையையும் விட்டுவிடுவாள். இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

"ஆமா" என்றேன். "மருந்து. டீயில."

"யாரு?"

"எங்க அம்மா."

வாசலைத் தாண்டி ஒரு அடி உள்ளே வந்தாள். "அப்போ அவங்க சொன்னது சரி."

"அந்த ஒண்ணு சரி."

"நீ கலப்பியா?"

"மாட்டேன்."

"அம்மா?"

"தெரியல. கேட்டுச் சொல்றேன்."

அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ரசத்தைத் தொடவில்லை. ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள். சாயங்காலம் ஜெசியிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். அந்த யோசனை அவளுக்கு இருந்திருக்கிறது. "மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் கடைசியில். "இல்ல, நானே போய்ச் சொல்றேன்." படியேறிப் போய், சாத்திய கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்.

போன வாரம் மனநலப் பிரிவிலிருந்து போன் வந்தது. யாரோ ஒருவர் வரவில்லையாம், ஒரு இடம் காலியாம், உடனே வர முடியுமா என்றார்கள். ஜெசி டூட்டியில் இருந்தாள். நான் மேலே போய்க் கதவைத் தட்டி, எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். மருந்து கொடுப்பார்களா என்று உள்ளிருந்து கேட்டாள். கொடுக்கலாம், கொடுத்தால் மாத்திரை அட்டையை உன் கையில்தான் தருவேன் என்றேன்.

கார் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வருவாள் என்று எனக்கு உறுதி இல்லை. வந்தாள். முன்னால் உட்காரவில்லை. எனக்குப் பின்னாலும் உட்காரவில்லை. பின்சீட்டில் இடதுபக்க ஓரத்தில், என் இரண்டு கையும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல்பக்கம் வைத்து ஓட்டினேன். எடுக்க வேண்டி வந்தபோதெல்லாம் முதலில் சொன்னேன்.

"கியர் மாத்தப் போறேன்."

கண்ணாடியில் பார்த்தேன். தலையசைத்தாள். மாற்றினேன்.